தளபதிக்கு ஒரு வருஷம், முனியம்மாளுக்கு ஒரு எழுத்து

பதவியில் இருக்கும் ராணுவத் தலைமைத் தளபதி ஒருவர், தன் பிறந்த தேதியைச் சரியாக எழுதச் சொல்லி உச்ச நீதிமன்றப் படியேறிய கதை பலருக்கும் ஞாபகம் இருக்கும். 2012 ஜனவரி. டிவி சேனல்களெல்லாம் ரெண்டு வாரம் அதையே மென்றன. தளபதி பதவியை நீட்டிக்கப் பார்க்கிறார் என்றது ஒரு கட்சி, நேர்மையான மனிதரை அரசு அவமானப்படுத்துகிறது என்றது இன்னொரு கட்சி. நான் இருக்கிற புனேயில் இந்தப் பேச்சு கொஞ்சம் அதிகம். தெற்குக் கமாண்டின் தலைமையகம் இங்கேதான். பத்து பேர் கூடுகிற டீக்கடையில் ரெண்டு பேராவது ஓய்வுபெற்ற ராணுவத்தினராக இருப்பார்கள். போதாக்குறைக்கு ஜெனரல் வி.கே.சிங் பிறந்ததே புனே மிலிட்டரி ஆஸ்பத்திரியில்தான்.

அரசியலை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வழக்கில் எனக்கு சுவாரசியமாகப் பட்ட விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். ஒரு படைவீரரைப் பற்றி ராணுவம் எழுதிவைத்திருக்கும் சொந்த விவரங்களில், அதாவது பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர் போன்றவற்றில், ஒரு தப்பு நுழைந்துவிட்டால் அது எப்படி இறுகிப்போகிறது? யார் திருத்தலாம், எப்போது திருத்தலாம்?

முதலில் தளபதி கதை. சிங் படித்தது ராஜஸ்தானில் பிலானியில். 1965இல் தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர யூ.பி.எஸ்.சி. விண்ணப்பம் போடும்போது அவர் பள்ளிக்கூடப் பையன். அந்த ஃபாரத்தில் பிறந்த தேதி 10 மே 1950 என்று விழுந்தது. பள்ளியில் நிரப்பும்போது நேர்ந்த பிழை என்பது அவர் தரப்பு. பின்னால் வந்த மெட்ரிகுலேஷன் சான்றிதழில் இருந்தது 10 மே 1951. 1970 ஜூனில் ராஜ்புத் ரெஜிமெண்டில் அதிகாரியானார்.

இங்கே ராணுவ நிர்வாகத்தைப் பற்றி ஒரு சின்ன விளக்கம் தேவை. தலைமையகத்தில் அதிகாரிகளைப் பற்றிய காகிதங்கள் இரண்டு இடத்தில் இருக்கும். அட்ஜுடன்ட் ஜெனரல் பிராஞ்ச் என்பது ஆள் கணக்கு, பதிவேடு வைத்துக்கொள்ளும் இடம். மிலிட்டரி செக்ரட்டரி பிராஞ்ச் என்பது பதவி உயர்வும் பணியிட மாற்றமும் பார்க்கும் இடம். முதல் அலுவலகம் சான்றிதழைப் பார்த்து 1951 என்று எழுதிக்கொண்டது. இரண்டாவது, பழைய ஃபாரத்தைப் பார்த்து 1950 என்றே வைத்திருந்தது. இரண்டு அலமாரி, இரண்டு வயது. முப்பது வருஷத்துக்கு மேல் இது யாருக்கும் பெரிதாக உறுத்தவில்லை. கேப்டனுக்கும் மேஜருக்கும் ஒரு வருஷம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

மேலே போகப் போகத்தான் வயது காசாகிறது. 2006இல் கோர் கமாண்டர் நிலைக்கு வரும்போது முரண்பாடு கண்ணில் பட்டது. 2008இல் கிழக்குக் கமாண்டுக்குப் போகிற சமயம், 1950 என்பதை ஏற்பதாக எழுதிக் கொடுக்கச் சொல்லி மேலிருந்து கேட்டார்கள், அவரும் எழுதிக் கொடுத்தார். நெருக்கடியில் கொடுத்தது என்று பின்னால் சொன்னார். ஆனால் கையெழுத்து கையெழுத்துதானே. 2010 மார்ச் 31 அன்று தலைமைத் தளபதியானார். தளபதிக்கு மூன்று ஆண்டு அல்லது 62 வயது, எது முந்தியோ அதுவரை பதவி. 1950 என்றால் 2012 மே மாதக் கடைசியில் ஓய்வு. 1951 என்றால் மூன்று ஆண்டும் முடித்து 2013 மார்ச்சில் ஓய்வு. பத்து மாத வித்தியாசம். அந்தப் பத்து மாதத்தில் அடுத்த தளபதி யார் என்பதே மாறிப்போகும். டில்லி ஏன் அவ்வளவு பதறியது என்று புரிகிறதல்லவா?

2011 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் 1950தான் என்று ஆணை போட்டது. அவர் சட்டப்படியான முறையீடு செய்தார். டிசம்பர் 30 அன்று அதையும் நிராகரித்தார்கள். ஜனவரியில் வழக்கு. பிப்ரவரி 3 அன்று நீதிபதிகள் லோதாவும் கோகலேயும், முறையீட்டை நிராகரித்த முறை சரியில்லையே என்று அரசைக் கேட்டார்கள். அரசு அந்த டிசம்பர் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தளபதி ஜெயித்துவிட்டார் என்று அன்று இங்கே சில பேர் ஸ்வீட் கூட வாங்கினார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள். பிப்ரவரி 10 அன்று கோர்ட் சொன்னதன் சாரம் இதுதான்: நீங்கள் உண்மையில் என்று பிறந்தீர்கள் என்பது எங்கள் முன் இருக்கும் கேள்வி அல்ல, உங்கள் பணிப் பதிவேட்டில் எந்தத் தேதியை அங்கீகரிப்பது என்பதுதான் கேள்வி. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மே 31 அன்று பிக்ரம் சிங்கிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஓய்வுபெற்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். முதலில் கேட்க அபத்தமாக இருக்கும். ஒரு மனிதன் பிறந்த நாள் என்பது நடந்து முடிந்த சம்பவம் இல்லையா? ஆனால் அரசாங்கத்துக்கு அது சம்பவம் இல்லை, ஒரு ஒப்பந்தம். சேரும்போது நீ சொன்னாய், நான் எழுதினேன், அதை வைத்து உனக்கு சீனியாரிட்டி கொடுத்தேன், உனக்குப் பின்னால் நிற்பவனுக்கும் ஒரு கணக்கு சொல்லியிருக்கிறேன். கடைசி நேரத்தில் மாற்றினால் வரிசை முழுக்கக் குலைகிறது. மத்திய அரசுப் பணிக்கு இதற்கென்று விதியே உண்டு. சேர்ந்த ஐந்து வருஷத்துக்குள் கேட்க வேண்டும், உண்மையான பிழை என்று நிரூபிக்க வேண்டும். 1993இல் ஹர்நாம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கெடுவை உறுதியாகப் பிடித்துக்கொண்டது. ராணுவ அதிகாரிகளுக்கு இன்னும் குறைவு, ஆணையம் பெற்ற இரண்டு வருஷத்துக்குள். ஓய்வு நெருங்கும்போது திடீரென்று வயது குறைகிற வியாதி நம் அரசு ஊழியர்களிடம் ரொம்ப சகஜம் என்பதால், விதி கறாராக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. தளபதிக்கு ஒரு சட்டம், குமாஸ்தாவுக்கு ஒரு சட்டம் என்று இல்லாததும் நல்லதுதான்.

ஆனால் இதே கறார் சிப்பாய் வீட்டுக்குப் போகும்போது என்ன ஆகிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

சிப்பாய்க்குத் தலைமையகத்தில் அலமாரி கிடையாது. ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஒரு ரெக்கார்ட் ஆபீஸ் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நாம் சொல்கிற எம்.இ.ஜி.க்கு பெங்களூர். அங்கே ஒவ்வொரு ஜவானுக்கும் 'ஷீட் ரோல்' என்று ஒரு ஆவணம். பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகா, உடம்பில் அடையாளம், நெருங்கிய உறவு எல்லாம் அதில் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம், இன்றும் தொடர்கிறது. ஜவானுக்குக் கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால், அவனுடைய யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்று ஒன்று வெளியிடும். (பார்ட் ஒன் என்பது அன்றாட வேலை, பயிற்சி சமாச்சாரம். பார்ட் டூதான் ஆள் சமாச்சாரம்.) அதைப் பார்த்து ரெக்கார்ட் ஆபீஸில் ஷீட் ரோலில் ஏற்றுவார்கள். பார்ட் டூ ஆர்டர் வரவில்லை என்றால் ராணுவத்தைப் பொறுத்தவரை அந்தக் கல்யாணமே நடக்கவில்லை.

இதில் பிழை நுழைய எத்தனை வாசல் என்று பாருங்கள். பிறந்த தேதியை எடுத்துக்கொள்வோம். பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்ததே 1969இல்தான். அதற்கு முன்னால் நம் கிராமங்களில் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். தேதியை ஹெட்மாஸ்டர் போட்டுக்கொள்வார். ஜூன் மாதம் ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்பதால் ஊரில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள். பள்ளிக்கே போகாதவன் ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனால், டாக்டர் பார்த்து உத்தேசமாக வயது சொல்வார். இரண்டாம் உலகப் போர் முடியும்போது இந்திய ராணுவத்தில் ஏறக்குறைய 25 லட்சம் பேர். அவ்வளவு பேரையும் சில வருஷத்துக்குள் எழுதித் தள்ளியவர்கள் மனிதர்கள்தானே.

அடுத்து பெயர். இது நம்மாட்களுக்கென்றே வைத்த கண்ணி. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஃபாரத்தில் மூன்று கட்டம் இருக்கிறது, நிரப்பியாக வேண்டும். அப்பா பெயர் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், சில சமயம் ஊர்ப் பெயரும். இந்தப் பக்கம் வந்து வேலை பார்க்கிற எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. என் ஆபீஸில் என்னைக் கூப்பிடுவது என் அப்பா பெயரை வைத்துத்தான், அவர் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார் :-)

மனைவி பெயர் அதைவிட மோசம். முனியம்மாள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வீட்டில் கூப்பிடுவது பாப்பா. கல்யாணப் பத்திரிகையில் முனியம்மாள். ராஜஸ்தானிலோ காஷ்மீரிலோ இருந்த யூனிட்டில், தமிழே தெரியாத ஒரு கிளார்க் காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதினார்: நடுவில் 'ஒய்' இல்லை, கடைசியில் 'எல்' இல்லை. கணவர் ஹவில்தார், கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்கு அன்றைக்கு லீவ் கிடைத்ததே பெரிது. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அந்தக் காகிதத்தை யாரும் எடுத்துப் பார்க்கப்போவதில்லை. அவர் கண் மூடுகிற அன்றுதான் அது வெளியே வரும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பென்ஷன் ஆணையில் ஒரு பெயர். கவுண்டரில் இருப்பவர் கேட்பார்: "இந்த மூணும் நீங்கதான்னு என்னம்மா ஆதாரம்?"

திருத்த வழி இல்லாமல் இல்லை. மாஜிஸ்டிரேட் முன்னால் அஃபிடவிட், பெரும்பாலும் பத்திரிகைகளில் விளம்பரம், கிராம நிர்வாக அலுவலர் சான்று, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் கடிதம் எல்லாம் சேர்த்து ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஒத்துக்கொண்டால் பிரயாக்ராஜில் (அப்போது அலகாபாத்) உள்ள ராணுவ பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு எழுதுவார்கள். அங்கிருந்து திருத்தப்பட்ட பென்ஷன் ஆணை வரும். எழுதும்போது நாலு வரி. நடக்கும்போது நாலு வருஷம் ஆகலாம்.

என் நண்பர் ஒருவரின் பெரியம்மாவுக்கு இதைத்தான் செய்தோம். பெயர் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தபோது அடுத்தது கிளம்பியது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு குடும்ப பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் 80 வயது ஆனால் இருபது சதவீதம் கூடுதல் உண்டு, 85இல் முப்பது என்று ஏறிக்கொண்டே போகும். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது என்பது ஊருக்கே தெரியும். காகிதத்தில் எழுபத்து நாலு. கல்யாணத்தின்போது யாரோ உத்தேசமாகப் போட்ட வயது. அவரைவிட ரெண்டு வயது இளைய தங்கைக்கே எண்பது முடிந்துவிட்டது. ஆனால் தங்கையின் வயதுக்கும் சான்றிதழ் இல்லை! அலுவலகத்தில் சொன்ன பதில், வயதை மாற்றினால் ஆதாயம் உங்களுக்கு, அதனால் ஆதாரம் வலுவாக வேண்டும் என்பது. தளபதிக்குச் சொன்ன அதே நியாயம்தான். அதைத் தப்பென்றும் சொல்ல முடியவில்லை. மூத்த மகனின் பள்ளிச் சான்றிதழை வைத்து, காகிதத்து வயதுப்படி பார்த்தால் இவர் பத்து வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

ஆனால் பெயர்? முனியம்மாளுக்கு ஒரு 'எல்' சேர்த்தால் யாருக்கு நஷ்டம்? எந்த சீனியாரிட்டி குலைகிறது? வேறொரு பெண் ஏமாற்றி வாங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சோதிக்க வேண்டியதுதான், அதற்குக் கூட்டு போட்டோவும் ஊர்ச் சான்றும் போதும். வயதைத் திருத்துவதில் காட்டுகிற சந்தேகத்தை அப்படியே எழுத்தைத் திருத்துவதிலும் காட்டுவதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம். ஒன்றில் எழுதிக் கொடுத்தவன் திருத்தக் கேட்கிறான். இன்னொன்றில் தன் பெயர் எப்படி எழுதப்பட்டது என்றே தெரியாத ஒருத்தி கேட்கிறாள்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கால்வின் கிரஹாம் என்று ஒரு பையன். 1930இல் பிறந்தவன், 1942இல் அம்மாவின் கையெழுத்தைத் தானே போட்டு, வயதைக் கூட்டிச் சொல்லி கடற்படையில் சேர்ந்தான். பன்னிரண்டு வயது. அந்த நவம்பரில் குவாடல்கனால் கடற்போரில் சவுத் டகோட்டா என்ற போர்க்கப்பலில் காயம்பட்டான், காயத்தோடு மற்றவர்களை இழுத்துக் காப்பாற்றினான். மெடல் கொடுத்தார்கள். உண்மை வயது தெரிந்ததும் மெடலைப் பிடுங்கிச் சிறையில் வைத்து, மானக்கேடான முறையில் வெளியேற்றினார்கள். பென்ஷன், வைத்தியம் எதுவும் கிடையாது. அந்த நாட்டில் ராணுவப் பதிவுகளைத் திருத்துவதற்கென்றே 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தனி வாரியங்கள் இருக்கின்றன. இருந்தும் கௌரவமான விடுவிப்பு என்று அவர் காகிதத்தை மாற்ற 1978 ஆனது, கார்ட்டர் காலம். ஊனமுற்றோர் சலுகைக்கு 1988இல் தனியாகச் சட்டமே போட வேண்டியிருந்தது, ரீகன் கையெழுத்திட்டார். கிரஹாம் 1992இல் இறந்தார். காயம்பட்டதற்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் 1994இல் அவருடைய மனைவி கையில் கிடைத்தது. இங்கே பிழையைப் போட்டது அவரேதான், நிஜம். அதற்காக ஐம்பது வருஷமா?

திருத்தக் காகிதமாவது இருக்க வேண்டுமே, அது இன்னொரு கஷ்டம். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே அமெரிக்க ராணுவ ஆவணக் காப்பகம் தீப்பிடித்து ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட ஃபைல்கள் சாம்பலாயின. 1912 முதல் 1959 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களில் எண்பது சதவீதம் பேரின் பதிவுகள் போயின. பிறகு சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரிக் குறிப்பு என்று எங்கெங்கோ இருந்த துண்டுகளை ஒட்டி ஆட்களை மறுபடி உருவாக்கினார்கள், இன்னமும் செய்கிறார்கள். நமக்குத் தீ தேவைப்படவில்லை. பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் ஆவணங்களை 25 ஆண்டு முடிந்ததும் அழித்துவிடுவது இங்கே வழக்கம். உலகப் போருக்காகச் சேர்த்து, போர் முடிந்ததும் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ லட்சம். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளம் போன ஊர். அந்த மாதிரி ஊர்களில் தாத்தா பர்மாவில் சண்டை போட்டார் என்று பேரன் சொன்னால் அதற்குச் சாட்சி பெரும்பாலும் சுவரில் தொங்கும் மெடல்தான். மெடலின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்றால், அந்தப் போருக்கு பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொடுத்த மெடலில் பெயரே கிடையாது. இந்தியர்களுக்கு வந்ததில் பல சமயம் இருக்கும். நமக்கு நடந்த ஒரே நல்ல காரியம்.

2009இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வந்தது, சென்னையிலும் ஒரு கிளை. அதற்கு முன் ஹைகோர்ட்டில் வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது எவ்வளவோ பரவாயில்லை. சமீப ஆண்டுகளில் பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கு மாறியிருக்கிறது. நல்ல காரியம்தான், என் தொழிலே அது என்பதால் குறை சொல்ல மனமில்லை. ஆனால் பேங்கில் இருந்த பழைய மேனேஜர் முகத்தைப் பார்த்து "அட, நம்ம சுபேதார் வீட்டம்மா" என்று பணம் கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டருக்கு அந்த 'எல்' வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது பட்டாளத்தில் இருந்தால், அடுத்த லீவில் வரும்போது பதிவேட்டில் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், பிறந்த தேதிகள் எப்படி எழுதியிருக்கிறது என்று ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். யூனிட்டில் இருக்கும்போது ஒரு பார்ட் டூ ஆர்டரில் முடிகிற வேலை. ஓய்வுபெற்றவர் என்றால் பென்ஷன் ஆணையை எடுத்து, மனைவியின் பிறந்த தேதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆணைகள் பலவற்றில் அந்த இடம் காலியாகவே இருக்கும். அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் கையெழுத்தோடு விண்ணப்பம் போய்விட வேண்டும். கூட்டு போட்டோ ஒன்று எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. பெரியம்மாவிடம் இருந்தது 1962இல் வேலூர் ஸ்டுடியோவில் எடுத்த ஒரே ஒரு படம். அதைத்தான் மூன்று இடத்தில் காட்டினோம்.